டோஜின் கேம் என்றால் என்ன? நிறுவனங்கள் ஏன் வழக்குப் போடுவதில்லை?

ஒருவரோ, ‘சர்க்கிள்’ எனப்படும் சிறு குழுவோ தாங்களே உருவாக்கித் தாங்களே விற்கும் ஜப்பானிய கேம்தான் இது. தோட்டத்தில் காய்த்ததைச் சந்தையில் தானே கூடை வைத்து விற்பது போல. 1975-இல் தொடங்கிய ‘காமிகெட்’ என்ற ரசிகர் படைப்பு விற்பனை விழாதான் இதற்குப் பெரிய சந்தை. இப்போது டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில் கூடுகிறது. 100, 500 யென் நாணயங்களோடு போங்கள்; 10,000 யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்காக வரிசையே நின்றுவிடும்.

சில டோஜின் கேம்கள் பிற நிறுவனங்களின் பாத்திரங்களை எடுத்தாளும். ஆனால் இத்தகைய பதிப்புரிமை மீறலில் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் ஜப்பானில் குற்ற வழக்கு. ரசிகர்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? இலவச விளம்பரம் வேறு. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது அனுமதி ஆகாது. உரிமையாளர் நினைத்தால் புகார் வரலாம்.

டோஜின் என்றாலே காப்பி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ‘தோஹோ’ என்ற கேம் வரிசை சொந்தப் பாத்திரங்களோடு வந்த டோஜின் கேம்தான்.