எந்த உயரம், எதற்கு மேல்? திரவ அழுத்தமானி குறித்த கேள்வி பதில்

கேள்வி: யு வடிவக் குழாயிலுள்ள திரவம் வாயுவின் அழுத்தத்தை எவ்வாறு காட்டுகிறது? அடிப்படையிலிருந்து விளக்க வேண்டுகிறேன்.

பதில்: அசையாமல் நிற்கும் ஒரே திரவத்தில், ஒரே கிடைமட்டத்திலுள்ள புள்ளிகள் அனைத்திலும் அழுத்தம் சமம். மற்றவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. குழாயின் ஒரு புயத்தை வாயுக் கலனோடு இணைத்து, மறுபுயத்தைத் திறந்து வைத்தால், வாயு தன் பக்கத்துத் திரவத்தைக் கீழே தள்ள, மறுபக்கம் மேலே ஏறும். தாழ்ந்த மட்டத்தில் ஒரு கிடைக்கோடு வரையுங்கள். இந்தப் பக்கம் அந்தக் கோட்டில் இருப்பது வாயுவின் அழுத்தம். அந்தப் பக்கம் அதே கோட்டில் இருப்பது வளிமண்டல அழுத்தமும், கோட்டுக்கு மேல் நிற்கும் திரவத்தின் எடை தரும் அழுத்தமும் சேர்ந்தது. இரண்டும் சமம். அந்தத் திரவத்தின் பங்கு அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், மட்ட வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கல்.

பாதரச மட்டங்களின் வேறுபாடு 200 மி.மீ. என்றும், அன்றைய வளிமண்டல அழுத்தம் 740 மி.மீ. பாதரச உயரத்துக்குச் சமம் என்றும் கொண்டால், வாயுவின் அழுத்தம் 940 மி.மீ. பாதரசம், அதாவது ஏறத்தாழ 125 கிலோபாஸ்கல். வளிமண்டலம் என்றாலே கடல்மட்டத்துக்குரிய 760 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இங்கேதான் 20 மி.மீ. தவறுகிறார்கள். ஆகவே எந்த அளவீட்டையும் எழுதுமுன், அது எதற்கு மேல் எடுத்த அளவு என்பதைக் குறித்துவிடுங்கள்.

கேள்வி: பாதரசத்துக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: சிறிய அழுத்தங்களுக்குத் தாராளமாக ஊற்றலாம். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால், அதே அழுத்தத்துக்குத் தண்ணீர் 13.6 மடங்கு அதிகம் நகரும், நுண்மை கூடும். ஆனால் ஒரு முழு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கத் தண்ணீருக்கு 10.3 மீட்டர் உயரம் வேண்டும். பாதரச ஆவி நச்சு என்பதையும் மறவாதீர்கள். 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, சில விலக்குகளுடன், பாதரச அழுத்தமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குப் பின் தடுக்கிறது.

கேள்வி: மிகச் சிறிய வேறுபாட்டை அளக்கக் குழாயைச் சாய்த்து வைக்கிறார்களே, அது ஏன்?

பதில்: உயரம் மாறுவதில்லை, அந்த உயரத்தை எட்டத் திரவம் போகும் வழிதான் நீளுகிறது. கிடையிலிருந்து 30 பாகை சாய்வில் இரு மடங்கு, ஏறத்தாழ 5.7 பாகையில் பத்து மடங்கு. அடிப்பலகை சற்றே சாய்ந்திருந்தாலும் அளவீடு கெடும் என்பதால், மட்டம் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: என் அழுத்தமானி 200 மி.மீ. காட்டுகிறது. வாயுவின் அழுத்தம் 200 மி.மீ. தானே?

பதில்: திறந்த புயம் என்றால் வளிமண்டலத்துக்கு மேல் 200. மூடிய புயத்தில் வெற்றிடம் என்றால் முழு அழுத்தமே 200. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அகலமான குழாயில் திரவம் அதிகம், எடையும் அதிகம். அப்படியிருக்க, அகலம் பொருட்டில்லை என்று நூல்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

பதில்: எடை கூடுவது உண்மையே, அதைத் தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தது, ஆகவே அகலம் கழிந்துபோகிறது.

கேள்வி (அவரே மீண்டும்): என்னிடம் ஒரு புயம் மிகக் குறுகியதாயும் மறுபுயம் அகலமாயும் உள்ள குழாய் இருக்கிறது. இரு பக்கமும் திறந்திருந்தும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நல்ல கண். அது எடையின் வேலை அன்று, பரப்பு இழுவிசையின் வேலை. 2 மி.மீ. விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 15 மி.மீ. ஏறி நிற்கும்; பாதரசமோ இறங்கி நிற்கும். இரு புயங்களும் ஒரே விட்டமாயின் இந்தப் பிழை இருபுறமும் ஒன்றாகி நீங்கிவிடும். படிக்கும்போது, தண்ணீரில் பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடியையும் பாதரசத்தில் அதன் உச்சியையும் பாருங்கள்.

கேள்வி: ஒரு புயத்துக்குப் பதில் அகலமான தொட்டி உள்ள தொட்டி வகை அழுத்தமானியில், குழாய்ப் புயத்தை மட்டும் படித்தால் போதும் என்கிறார்கள். அங்கேயும் அகலம் பொருட்டில்லையா?

பதில்: முந்தைய நண்பருக்கு இது பாதி வெற்றி. மட்ட வேறுபாடு அகலத்தைச் சார்ந்ததன்று. ஆனால் அந்த வேறுபாட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பது அகலத்தைச் சார்ந்ததே. தொட்டியின் பரப்பு குழாயினுடையதைப் போல 100 மடங்கு எனில், குழாயில் 100 மி.மீ. ஏறும்போது தொட்டியில் 1 மி.மீ. இறங்கும், உண்மையான வேறுபாடு 101. இதை ஈடுசெய்ய, 1 மி.மீ. என்று குறித்த இடைவெளியைச் சுமார் 0.99 மி.மீ. ஆகச் சுருக்கி அளவுகோலில் பொறிக்கிறார்கள். அந்த அளவுகோல் தேய்ந்தது என்று சாதாரண அளவுகோலை ஒட்டிவைப்பவர், ஒவ்வொரு முறையும் ஒரு விழுக்காடு குறைத்தே படிப்பார்.

கேள்வி: மூடிய புயம், திறந்த புயம் இரண்டில் எது நல்லது?

பதில்: வளிமண்டலத்தோடு ஒப்பிட வேண்டுமா, வெற்றிடத்தோடு ஒப்பிட வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இதே கேள்விக்கு இன்று இது மூன்றாவது பதில்.