செட்டுக்குப் பின்னால் இருவர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'லெ மில்லியோன்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். லாட்டரிச் சீட்டு இருக்கும் கோட்டுச் சட்டையைத் தேடி எல்லோரும் ஓடுவதைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். ஆனால் நீங்கள் இதைக் காதல் படம் என்கிறீர்கள். நாயகனும் நாயகியும் சமாதானமாகும் இடத்தில் இருவரும் வாயே திறக்கவில்லை. வேறு யாரோ பாடுகிறார்கள். பேசும்படம் வந்த பிறகு ஏன் இப்படி? அந்தக் காலத்து ஒலிப்பதிவின் குறையா?

கி., கும்பகோணம்

அன்புள்ள கி.,

குறை இல்லை. இயக்குநர் ரெனே கிளேர் யோசித்துச் செய்தது அது. அந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கிளேர் மௌனப் படங்களில் பெயர் எடுத்தவர். பேச்சு வந்தால் சினிமா மறுபடியும் மேடை நாடகமாகிவிடும் என்று பயந்தார். 1929இல் லண்டனில் பேசும்படங்களைப் பார்த்தபோது, 'பிராட்வே மெலடி' என்ற அமெரிக்கப் படத்தில் ஓர் இடம் அவரைப் பிடித்துக்கொண்டது. கதவு சாத்தும் சத்தம், கார் கிளம்பும் சத்தம். திரையில் கதவும் இல்லை, காரும் இல்லை. ஜன்னலோரம் நடிகை பெஸ்ஸி லவ்வின் கலங்கிய முகம் மட்டும்தான். காதில் விழுவதைக் கண்ணுக்கும் காட்ட வேண்டியதில்லை என்ற அந்த வழியை அவர் பிறகு விடவே இல்லை.

ஜெர்மன் நிறுவனமான டோபிஸ், பாரிஸுக்குப் பக்கத்தில் எபினேயில் ஒலிப்பட ஸ்டுடியோ வைத்திருந்தது. 1931இல் வந்த இந்தப் படம் அங்கேதான் உருவானது. மூலக்கதை ஒரு மேடை நாடகம். கிளேர் அதன் பேச்சைக் குறைத்துப் பாட்டையும் இசையையும் நிரப்பினார். அதனால்தான் கடனைத் திருப்பிக் கேட்டு வருபவர்கள்கூடக் கூட்டமாகப் பாடுகிறார்கள். செட் போட்ட லசார் மீர்சோன், நடிகர்களுக்கும் பின்னணிக்கும் நடுவே மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டார். பாரிஸ் வீடுகள் கனவில் வருவது போலத் தெரிவது அதனால்தான்.

சரி, உங்கள் காட்சிக்கு வருகிறேன். நாயகன் மிஷேல் இன்னொருத்தியுடன் குலாவுவதைப் பார்த்த நாயகி பியாட்ரிஸ் கோபத்தில் இருக்கிறாள். கோட்டுச் சட்டையைத் தேடி, பாட்டாலேயே நாடகம் நடத்தும் ஆப்பரா அரங்கத்துக்கு வந்த இடத்தில், திரை எழும்பிவிடுகிறது. இருவரும் மேடையிலேயே செட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பேசினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். பேசக் கூடாது என்பதைக் கதையே கட்டாயமாக்கிவிடுகிறது பாருங்கள்!

முன்னால் பருமனான பாடகரும் பாடகியும் காதல் பாட்டு பாடுகிறார்கள். திரை விழுந்ததும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிற ஜோடி அது. அவர்கள் வாயிலிருந்து வரும் வரிகள் பின்னால் இருப்பவர்களின் வரிகளாகிவிடுகின்றன. பாட்டு கெஞ்சும்போது மிஷேலின் முகம் கெஞ்சுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பியாட்ரிஸ் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறாள். பியாட்ரிஸாக நடிக்கும் அனாபெலாவின் கண்களை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள். அவள் என்ன வசனம் பேசியிருந்தாலும் இந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டேன். பாடுகிறவர்களிடம் காதல் இல்லை, காதலிப்பவர்களிடம் குரல் இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்கிற வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார் கிளேர்.

அப்புறம், கோட்டுக்காக எல்லோரும் முட்டி மோதும் இடத்தையும் காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். கேட்பது ரக்பி மைதானத்தின் விசிலும் கூட்டத்தின் ஆரவாரமும். திரையில் பந்தே கிடையாது. கோட்டுதான் கைமாறிக்கொண்டு போகிறது.

திரும்பப் பார்க்கும்போது அந்தப் பாட்டின் நடுவே மேலேயும் ஒரு கண் வையுங்கள். மேடைத் தொழிலாளி ஒருவர் தன் வேலையாகக் காகிதப் பூவிதழ்களைத் தூவிக்கொண்டிருப்பார். பாடகர்களுக்காகத் தூவியதில் கொஞ்சம் செட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த இருவர் மேலும் விழும்.

அன்புடன்.