பார்ப்பவர் கை ஏன் நீள்கிறது?

கேள்வி: தொலைக்காட்சியில் கபடி பார்க்கும்போது, பாடிச் சென்றவர் பிடியில் சிக்கி நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினால், என் கையும் தானாக முன்னே போகிறது. பக்கத்தில் அமர்ந்து அதே ஆட்டத்தைப் பார்க்கும் என் மனைவிக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. இது நரம்புக் கோளாறா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: கோளாறு அன்று. கயிற்றில் நடப்பவரை வேடிக்கை பார்க்கும் கூட்டம் தன்னையறியாமல் உடலை வளைத்து நெளிப்பதை 1759-ஆம் ஆண்டிலேயே ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். பொருளியலுக்குப் பேர்போன அதே ஸ்மித்தான்.

இத்தாலியின் பார்மா நகரில் ரிசோலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளை ஆராய்ந்தபோது, குரங்கு ஒரு பொருளை எடுக்கையில் தூண்டப்படும் மூளை நரம்பணுக்களில் சில, ஆய்வாளர் எடுப்பதை அது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கையிலும் தூண்டப்படுவதைக் கண்டு, 1992-இல் வெளியிட்டனர். மனிதர்களிடம் 1995-இல் நடந்த சோதனையில், மூளையின் இயக்கப் பகுதியைத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் தூண்டியபோது, பிறர் ஒரு பொருளைப் பற்றுவதைப் பார்த்திருந்தவர்களின் கைத்தசைகள் வழக்கத்தைவிட வலுவாகத் துடித்தன. அதுவும், அந்தச் செயலைத் தாமே செய்தால் இயங்கக்கூடிய தசைகளே துடித்தன. பளு தூக்குபவரைப் பார்ப்பவரின் மூச்சும் விரைவுபடுவதாக வேறோர் ஆய்வு காட்டியது. ஆயினும் பார்த்ததையெல்லாம் நாம் செய்துவிடுவதில்லை, ஏனெனில் இந்தத் தூண்டல் பெரும்பாலும் அசைவாக மாறாமலே அடங்கிவிடுகிறது. ஆட்டத்தில் மனம் ஒன்றிய கணத்தில் சிறிது மீறி வெளிப்படுகிறது. (இதே நரம்பணுக்களைக் கொண்டு இரக்கம், மொழி, பண்பாடு என எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லும் ஆர்வத்தை நான் ஏற்பதில்லை, சான்று அவ்வளவு தூரம் போகவில்லை.)

உங்கள் மனைவியைப் பற்றிய பகுதிதான் இதில் சுவையானது. 2005-இல் லண்டனில் பாலே என்னும் மேலைநாட்டு நடனக் கலைஞர்களையும், கப்போயிரா என்னும் பிரேசில் தற்காப்புக் கலை ஆட்டக்காரர்களையும் மூளை ஸ்கேனில் வைத்து இரு கலைகளின் காட்சிகளையும் காட்டியபோது, அவரவர் பயின்ற கலையைக் காண்கையிலேயே இயக்கம் சார்ந்த பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. அதிகம் பார்த்துப் பழகியதால் அப்படி நேர்ந்ததோ என்னும் ஐயத்தை அடுத்த ஆண்டு ஆய்வு தீர்த்தது: பாலேயில் ஆண்கள் மட்டும் ஆடும் அசைவுகளும் பெண்கள் மட்டும் ஆடும் அசைவுகளும் உண்டு. இருபாலரும் ஒன்றாகவே பயிற்சி எடுப்பதால் ஒருவர் அசைவை மற்றவர் நன்கு அறிவர் என்றாலும், தாம் ஆடும் அசைவுகளுக்கே அவர்கள் மூளை மிகுதியாகப் பதிலளித்தது. நீங்கள் இளமையில் கபடி ஆடியவரா என்று எழுதவில்லை. ஆடியிருந்தால், இருவருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அதுவே முதற்காரணமாக இருக்கலாம்.