முதலில் சூடு, பிறகுதான் பால்

கேள்வி: காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் அடுக்கும்போது கொட்டில் மூலையில் நாலு பூனைக்குட்டிகள் கிடந்தன. கண் திறக்கவில்லை. தாய்ப்பூனை றோட்டில் அடிபட்டுச் செத்துவிட்டது. பசும்பால் பருக்கினேன், ஒரு குட்டிக்கு வயிற்றால் கழிகிறது. "இதுகள் தப்பாது, விடு" என்கிறார் அம்மா. என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, மல்லாவி

பதில்: விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. கண் திறக்காத குட்டியும் தப்பும். பசும்பாலை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். அதிலுள்ள லக்ரோஸ் என்ற பால்சீனி குட்டியின் குடலுக்கு அதிகம், புரதமும் கொழுப்பும் காணாது. கழிகிற குட்டியைப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. அவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீர் வற்ற நேரம் எடுக்காது, இன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாலுக்கு முதல் சூடு. வன்னி வெயிலில் என்ன குளிர் என்று பலர் கேட்கிறார்கள். முதல் கிழமைகளில் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, மாசிப் பனி விழும் விடியற்காலை அதற்குப் போதும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செமிக்காது. வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் பால். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய சாரத்தால் சுற்றி, காட்போட் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மற்றப் பக்கம் ஊர்ந்துபோக இடம் வேண்டும்.

பூனைக்குட்டிக்கென்றே பால்மா இருக்கிறது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ விசாரியுங்கள், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பியுங்கள். அது வரும்வரை ஓரிரு நாளுக்கு ஆட்டுப்பாலில் முட்டை மஞ்சட்கரு அடித்து, வடித்து, இளஞ்சூடாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் அதை நம்பியிருக்க வேண்டாம்.

பருக்க, பாமசியில் ஊசியில்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பருக்கவே கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்கட்டும். துளி துளியாக விடுங்கள். இப்போது என்னிடம் இருக்கும் சாம்பல் குட்டி முன்னங்கால் இரண்டாலும் சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு மிடறுக்கும் அதன் காதுகள் பின்னால் அசையும். காது அசைகிறதென்றால் சரியாக உறிஞ்சி விழுங்குகிறது. அசையாமல் பால் மட்டும் இறங்கினால் உடனே நிறுத்திவிடுவேன்.

முதல் இரண்டு கிழமையும் 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். அம்மாவோடு முறை வைத்து எழும்புங்கள். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவது அதற்காகத்தான். தடவாவிட்டால் குட்டிக்குத் தானாகச் சிறுநீரும் மலமும் போகாது. சமையல் தராசில் தினமும் நிறுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் நல்லது, ஏறாத குட்டியை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் வளர்க்கும் குட்டிகளுக்கு ஒரு மாதம். பக்கத்து வளவில் எலித்தொல்லை, இப்போதே ஒன்று கேட்கிறார்கள். கடுவனைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பெட்டையை எடுக்க ஆளில்லை.
– வாசகர், புளியங்குளம்

பதில்: 8 கிழமை முடியும்வரை கொடுக்காதீர்கள் தம்பி. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கூடப்பிறந்ததுகளோடு புரண்டுதான் குட்டி பழகும். பாலை மறந்து நன்றாகத் தின்னவும், பூச்சி மருந்து கொடுக்கவும், முதல் தடுப்பூசி போடவும் அந்தக் காலம் வேண்டும். இப்போது உப்பு, தூள் போடாமல் அவித்த மீனை முள் எடுத்துப் பிசைந்து பழக்குங்கள். வெறும் சோறு போதாது.

எலிக்காகப் பூனை கேட்பதில் பிழையில்லை. ஆனால் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும். "எலி பிடிக்குந்தானே, சாப்பாடு எதற்கு" என்கிற வீட்டுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை.

பெட்டையை மறுப்பவர்களுக்குப் பயம் அடுத்தடுத்த குட்டிகள்தான், அது நியாயமான பயம். 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம், சுமப்பது இரண்டு மாதம் சொச்சம். ஆகவே கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நானே கொண்டுபோய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக் கொடுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகு, தயங்கிய வீடுகள் பல பெட்டைக்குட்டியை விரும்பியே வாங்கியிருக்கின்றன.