கத்தி பட்டதாலதான் மூளைக் கட்டி திரும்ப வந்துச்சா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு மூளைல கிளியோபிளாஸ்டோமான்னு ஒரு புத்துக்கட்டி, ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னார், ஆறே மாசத்துல திரும்ப வந்துருச்சு, சொந்தக்காரங்க எல்லாரும் கத்தி வச்சதாலதான் பரவிடுச்சுன்னு சொல்றாங்க, அது உண்மையா?

இல்லைங்க. கத்தி படுறதுக்கு ரொம்ப முன்னாடியே அது பரவித்தான் இருந்துச்சு. இத ஒத்த வரில சொல்லிட்டுப் போனா யாரும் நம்ப மாட்டாங்க, எங்க வீட்டுலயும் நம்பல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. பதினோரு வருஷமா ஹிஸ்டோபதாலஜி லேப்ல டெக்னீசியன். அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து ஃபார்மலின் டப்பால வர்ற சதைய மெழுகுல பிளாக் போட்டு, மைக்ரோடோம்ல மூணு நாலு மைக்ரான் கனத்துக்கு சீவி, தண்ணில மிதக்க விட்டு ஸ்லைடுல எடுத்து ஸ்டெயின் பண்ணிக் கொடுக்குற ஆளு. ரிப்போர்ட் எழுதுறது பதாலஜிஸ்ட். ஆனா இத்தன வருஷம் பாத்ததுல கிளியோபிளாஸ்டோமா ஸ்லைடு எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிருச்சு. அது மட்டும்னா இந்தக் கேள்விக்கு வந்திருக்கவே மாட்டேன், எங்க பெரியப்பாவுக்கும் இதே வியாதிதான் வந்துச்சு.

அவருக்கு மொதல்ல தலவலி எல்லாம் இல்ல. வார்த்த மாறுச்சு. சாவிய எடுத்துட்டு வான்னு சொல்றதுக்குப் பதிலா சட்டிய எடுத்துட்டு வாம்பாரு, நாங்க சிரிப்போம், அவரும் சிரிப்பாரு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல பந்தில உக்காந்திருக்கும்போது வலது கை இழுத்து ஃபிட்ஸ் வந்துச்சு, ஸ்கேன்ல பாத்தா இடது பக்கம் பொட்டுக்கு உள்ள எலுமிச்சம்பழ சைஸ்ல ஒரு வளையம், நடுவுல கருப்பா. அட்மிட் பண்ணி டெக்ஸா ஊசி போட்டாங்க பாருங்க, ரெண்டே நாள்ல மனுசன் தெளிவாப் பேச ஆரம்பிச்சுட்டாரு! பெரியம்மா நேத்திக்கடன் எல்லாம் நெனச்சு முடிச்சுட்டாங்க. டெக்ஸாமெத்தசோன் கட்டிய சுத்தி இருக்குற நீர் வீக்கத்தத்தான் குறைக்கும், கட்டிய ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது. ஆபரேஷனுக்கு ஒப்புதல் ஃபார்ம்ல கையெழுத்து போட்டது பெரியம்மாதான். ஏழு மாசம் கழிச்சு திரும்ப வந்தப்போ சித்தப்பா ஒருத்தர் வாய் கூசாம "கத்தி வைக்க விட்டிருக்கக் கூடாது மதினி"ன்னு சொல்லிட்டாரு. அன்னைலேர்ந்து பெரியம்மா நெஞ்சுல அது முள்ளா உக்காந்துருச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். புத்துநோய் எதுவா இருந்தாலும் ஒரே நாள்ல வர்றதில்ல. ஒரு செல்லோட டி.என்.ஏ.ல ஒரு தப்பு, அது பெருகி அதோட வாரிசுல இன்னொரு தப்பு, இப்படி சேர்ந்துகிட்டே போகும். இத எல்லாரும் பிரேக், ஆக்சிலரேட்டர்னுதான் விளக்குவாங்க, கேட்டுக் கேட்டு புளிச்சுப் போன உதாரணம்தான், ஆனா கிளியோபிளாஸ்டோமாவுக்கு அது அப்படியே பொருந்துறதால நானும் அதையே சொல்றேன். இந்தக் கட்டில பெரும்பாலும் 7ம் நம்பர் குரோமோசோம் கூடுதலா ஒண்ணு இருக்கும், 10ம் நம்பர்ல ஒண்ணு காணாமப் போயிருக்கும். செல்ல "பெருகு பெருகு"ன்னு விரட்டுற ஈஜிஎஃப்ஆர் ஜீன் 7ல இருக்கு, அத அடக்குற பிடென் ஜீன் 10ல இருக்கு. போதாததுக்கு டெர்ட்னு ஒரு ஜீனோட சுவிட்ச் மாறிப் போயிருக்கும், சாதாரண செல் இத்தன தடவதான் பிரியலாம்னு ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கையே இது அழிச்சுரும். 2021ல உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளோட வகைப்பாட்ட மாத்துனப்போ, 7 கூடி 10 குறையுறது, ஈஜிஎஃப்ஆர் ஜீன் பல மடங்கு பெருகிக் கிடக்குறது, டெர்ட் சுவிட்ச் மாறுறது, இந்த மூணையும் கிளியோபிளாஸ்டோமாவுக்கான அடையாளமாவே சேத்துட்டாங்க, ஸ்லைடுல பாக்க சாதுவா இருந்தாலும் இதுல ஒண்ணு இருந்தா அது கிளியோபிளாஸ்டோமாதான் (ஐடிஹெச் ஜீன்ல மாற்றம் இல்லாத பெரியவங்களுக்கு மட்டும் இந்த விதி, அந்த மாற்றம் இருந்தா அது வேற வியாதி, கொஞ்சம் மெதுவாப் போகும்).

வேகம் எவ்வளவுன்னு கேப்பீங்க. நார்வேல நோயாளிங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரெண்டு ஸ்கேன ஒப்பிட்டுப் பாத்தாங்க, அந்த ஆய்வு 2015ல வந்துச்சு, சுமார் 50 நாளைக்கு ஒரு தடவ கட்டி ரெட்டிப்பாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. கந்துவட்டி மாதிரிதான், மொதல்ல தெரியாது, தெரியும்போது வீடு போயிருக்கும். அதனால "போன வருசமே ஸ்கேன் எடுத்திருந்தா"ன்னு நெனச்சு நெனச்சு மனச வதைக்காதீங்க, போன வருசம் ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கவும் நெறைய வாய்ப்பு இருக்கு.

ஸ்லைடுல இது எப்படி இருக்கும்னா, நடுவுல செத்துப் போன ஒரு திட்டு வெளிர் ரோஸ் கலர்ல, அத சுத்தி நெருக்கியடிச்சுக்கிட்டு ஊதா கலர் செல்லு, தீப்பிடிச்ச கொட்டகைல இருந்து ஜனங்க வெளிய ஓடுற மாதிரி. உண்மையும் கிட்டத்தட்ட அதேதான், கட்டி வளந்த வேகத்துக்கு ரத்தக்குழாயால ஈடு கொடுக்க முடியல, நடுவுல ஆக்சிஜன் தீந்து போச்சு, உயிரோட இருக்குற செல்லு அங்கேர்ந்து நகருது, நகரும்போதே புது ரத்தக்குழாய் வளரச் சொல்லி சிக்னல் விடுது. ஸ்கேன்ல நடுவுல கருப்பும் சுத்தி வெள்ளை வளையமும் தெரியுறது இதனாலதான். அந்த ரத்தக்குழாய அடைச்சா கட்டி பட்டினி கிடந்து செத்துரும்னு பெவாசிசுமாப்ங்குற மருந்து மேல பெரிய நம்பிக்கை வச்சாங்க, 2014ல ரெண்டு பெரிய டிரையல் முடிவு வந்துச்சு, புதுசா வியாதி வந்தவங்களுக்கு ஆயுள் கூடல. வீக்கம் குறைஞ்சுது, கட்டி திரும்ப வளர்றது சில மாசம் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்.

இப்ப பரவுறது. மார்பகம், நுரையீரல் மாதிரி மத்த புத்துநோய் எல்லாம் ரத்தம் வழியாவும் நிணநீர் வழியாவும் வேற உறுப்புக்குப் போகும். லண்டன்ல ஸ்டீபன் பேஜெட்னு ஒரு டாக்டர் 1889லயே மார்பகப் புத்துல இறந்த 735 பேரோட பிரேதப் பரிசோதனைக் கணக்க வச்சு, விதை எங்க வேணா விழலாம், தோதான மண்ணுலதான் முளைக்கும்னு எழுதுனாரு, இன்னைக்கும் அது நிக்குது. கிளியோபிளாஸ்டோமா இதுக்கு நேரெதிர், மூளைய விட்டு வெளிய போறது ரொம்ப அபூர்வம், நூத்துக்கு ரெண்டு பேருக்குக் கூட இல்ல. ஆனா மூளைக்குள்ள அது போகாத எடம் கிடையாது. நரம்பு இழைங்க கத்தையாப் போற பாதை, ரத்தக்குழாயோட வெளிப்பக்கம், மூளையோட மேல் சவ்வுக்கு அடில, இப்படி ஏற்கனவே போட்டு வச்ச ரோட்டுலயே ஒத்த ஒத்த செல்லா நடந்து போகும். வலதையும் இடதையும் சேக்குற பாலம் ஒண்ணு இருக்கு நடுவுல, சில பேருக்கு அது வழியா ரெண்டு பக்கமும் வளந்து ஸ்கேன்ல வண்ணத்துப்பூச்சி றெக்கை விரிச்ச மாதிரியே தெரியும். அழகான பேரு வச்சிருக்காங்க அந்த வியாதிக்கு, பாக்கத்தான் சகிக்காது.

உங்க சொந்தக்காரங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்கால பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல வால்டர் டேண்டின்னு ஒரு நியூரோ சர்ஜன், அந்தக் காலத்துல கில்லாடி. கட்டிய மட்டும் எடுத்தா திரும்ப வருதேன்னு, ஏற்கனவே இடது கை கால் விளங்காமப் போயிருந்த நோயாளிங்களுக்கு மூளையோட வலது பாதியையே மொத்தமா எடுத்துட்டாரு, 1928ல அதப் பத்தி எழுதுனாரு. பாதி மூளை! இதுக்கு மேல ஒருத்தர் எவ்வளவு எடுக்க முடியும் சொல்லுங்க. அப்பயும் திரும்ப வந்துச்சு, மிச்சம் இருந்த பாதில. அவர் கத்தி படாத பக்கம் அது. அப்ப அங்க செல்லு எப்பப் போச்சு? ஆபரேஷனுக்கு முன்னாடியேதான்.

இன்னும் ஒண்ணு. 2018ல தென்கொரியாக்காரங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூளையோட நடுவுல நீர் நிக்கிற அறை இருக்கும், அதோட சுவரு ஓரத்துல ஸ்டெம் செல்லுங்க இருக்கும். கட்டி அங்கேர்ந்து தள்ளி எங்கேயோ இருக்குற நோயாளிகள்லயே பல பேருக்கு, பாக்க நல்லா இருந்த அந்த சுவர் ஓரத்துச் செல்லுலயும் கட்டில இருக்குற அதே டி.என்.ஏ. தப்புல சிலது இருந்துச்சு. அதாவது தப்பு பொறந்த எடம் ஒண்ணு, கட்டியா வளந்த எடம் வேற. கட்டின்னு பேரு வாங்குறதுக்கு முன்னாடியே அது ஊர் மாறி வந்திருக்கு.

எனக்கு இதுல ரொம்ப ஆச்சரியமாவும் பயமாவும் இருந்தது ஜெர்மனில ஹைடல்பர்க்ல ஃபிராங்க் விங்க்லர் குழு 2015ல சொன்னது. எலியோட மண்டைல சின்ன கண்ணாடி ஜன்னல் வச்சு, மனுசக் கட்டிச் செல்ல உள்ள விட்டு மாசக்கணக்கா பாத்துருக்காங்க. அந்தச் செல்லுங்க மெல்லிசா நூல் மாதிரி கைய நீட்டி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்குது, சில நூல் அரை மில்லிமீட்டருக்கு மேல நீளம், ஒரு செல்லுக்கு அதெல்லாம் மைல் கணக்கு. ஒரு செல்ல லேசர் வச்சுக் கொன்னா பக்கத்துச் செல்லு அந்த நூல் வழியா ஆள் அனுப்பி எடத்த நிரப்புது. ரேடியேஷன் கொடுத்தாலும் இப்படிக் கோத்துக்கிட்டதுங்கதான் தாங்கி நிக்குது. அப்புறம் 2019ல இதே குழுவும் ஸ்டான்ஃபோர்ட்ல மிஷெல் மோன்ஜே குழுவும் தனித்தனியா காட்டுனாங்க, நல்ல நரம்பு செல்லு இந்தக் கட்டிச் செல்லோட நேரடியா இணைப்பு போட்டு சிக்னல் கொடுக்குது, அந்த சிக்னல வாங்கிக்கிட்டு கட்டி இன்னும் வளருது. விங்க்லர், மோன்ஜே ரெண்டு பேருக்கும் 2025ல மூளை ஆராய்ச்சிக்குன்னு இருக்குற பிரெயின் பிரைஸ் கொடுத்தாங்க. நம்ம நெனப்பு ஓடுற கரண்ட்டையே திருட்டுக் கொக்கி போட்டு எடுக்குதுன்னு வச்சுக்கோங்களேன்.

அப்ப டாக்டர் "முழுசா எடுத்தாச்சு"ன்னு சொன்னது பொய்யா? பொய் இல்ல, ஆனா அந்த வார்த்தைக்கு அவங்க வச்சிருக்குற அர்த்தம் வேற. ஸ்கேன்ல மருந்து ஏறி வெள்ளையாத் தெரிஞ்ச பகுதி முழுசும் எடுத்தாச்சுன்னு அர்த்தம். ஒரு செல்லு 30 தடவ ரெட்டிப்பானா 100 கோடி ஆகும், கணக்கு போட்டுப் பாருங்க. அதுல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது எடுத்தாலும் மிச்சம் 1 கோடி. அந்த ஒரு கோடி நல்ல மூளைக்குள்ள அங்கங்க ஒத்தையா உக்காந்திருந்தா எந்த எம்ஆர்ஐலயும் தெரியாது. திரும்ப வர்றதும் பெரும்பாலும் பழைய எடத்துக்கு 2 செ.மீ. சுத்துக்குள்ளதான் வருது. அந்த ஓரத்தையும் சேத்து வெட்டலாமேன்னா, எங்க பெரியப்பாவுக்கு அந்த 2 செ.மீ.ல தான் பேச்சு இருந்துச்சு.

அப்புறம் எதுக்கு ஆபரேஷன்னா, பாரம் குறையணும், மண்டைக்குள்ள அழுத்தம் குறையணும், என்ன வியாதின்னு தெரிய சதை வேணும், மிச்சம் எவ்வளவு கம்மியோ ரேடியேஷனுக்கும் மாத்திரைக்கும் வேலை அவ்வளவு சுலபம். 2005ல வந்த பெரிய டிரையல்ல, 573 பேரு, ரேடியேஷன் மட்டும் வாங்குனவங்கள்ல பாதிப் பேரு 12.1 மாசம் தாண்டி உயிரோட இருந்தாங்க, டெமோசோலோமைடுங்குற கீமோ மாத்திரையும் சேத்து எடுத்தவங்கள்ல பாதிப் பேரு 14.6 மாசம். ரெண்டரை மாசம்தானான்னு தோணும். ஆனா ரெண்டு வருசம் தாண்டுனவங்க 10 சதவீதத்துல இருந்து 26 சதவீதமா ஏறுனாங்க, அதுக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலும் எல்லா ஊர்லயும் அதே 30 சிட்டிங் ரேடியேஷன், அதே மாத்திரை. உங்க அப்பா ரிப்போர்ட்ல எம்ஜிஎம்டி மெத்திலேஷன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இருந்து பாசிட்டிவ்னா மாத்திரை நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

கத்தி பட்டா பரவும்ங்குறது முழுக் கட்டுக்கதைன்னும் நான் சொல்ல மாட்டேன். கர்ப்பப்பைக் கட்டிய லேப்ராஸ்கோப்பில மிஷின் வச்சுத் துண்டு துண்டா அரைச்சு எடுக்குறப்போ, உள்ள தெரியாம புத்து இருந்தா வயித்துக்குள்ள தூவிடுதுன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2014ல எச்சரிக்கையே விட்டுச்சு. அந்த மாதிரி எடங்கள்ல பயத்துக்கு அர்த்தம் இருக்கு. மூளைல இந்தக் கட்டிக்கு அப்படி இல்ல. செல்ஃபோனா காரணம்னும் கேப்பாங்க, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டு செஞ்ச பெரிய மறு ஆய்வு 2024ல வந்துச்சு, தொடர்பு தெரியலன்னுட்டாங்க, விடுங்க.

எங்க வீட்டுக் கதையோட மிச்சம். ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது வாரம் இன்னொரு எடத்துல பிளாக் ரிவ்யூ பண்ணலாம்னு ஸ்லைடும் பிளாக்கும் வாங்கி என் பைலதான் பஸ்ஸுல கொண்டு போனேன். கொடுக்குறதுக்கு முன்னாடி எங்க லேப்ல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேன், பாக்காம இருந்திருக்கலாம். ஓரத்துல, நல்ல மூளைன்னு நெனச்சு எடுத்த துண்டுல, ஒரு நரம்பு செல்ல சுத்தி கட்டிச் செல்லுங்க நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. தள்ளி இன்னொண்ணு. ஒரு ரத்தக்குழாய் ஓரத்துல வரிசையா. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் ஸ்கேன் சுத்தமா வந்துருச்சுன்னு கேசரி கிண்டிக்கிட்டு இருந்தாங்க, நானும் போய் சாப்பிட்டேன்.

பெரியப்பா போய் ஒரு வருசம் கழிச்சு பெரியம்மா திரும்பவும் "நான் கையெழுத்து போடலேன்னா இருந்திருப்பாரோய்யா"ன்னு ஆரம்பிச்சப்போ, ஃபோன்ல எடுத்து வச்சிருந்த அந்த ஸ்லைடு போட்டோவக் காமிச்சு, இது அன்னைக்கே எடுத்த சதை பெரியம்மா, கத்தி போறப்பவே இவங்க இங்க உக்காந்திருக்காங்க பாருங்கன்னு விரல் வச்சு விரல் வச்சு சொன்னேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. "அப்ப அந்த கேசரி சாப்பிடும்போதே உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். அதுக்கப்புறம் கையெழுத்துப் பேச்ச அவங்க எடுக்கல. எங்கிட்ட ரெண்டு மாசம் சரியாப் பேசல, அது வேற.