ராத்திரி ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தை எப்போது பிரிப்பது?

கேள்வி: எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்றடுக்கு ஏசி பெட்டியில் குடும்பத்தோடு போகிறோம். இட்லியும் முட்டைத் தொக்கும் கட்டிக்கொண்டு போகலாமா? போன தடவை பத்தரை மணிக்கு நாங்கள் சாப்பிட்டபோது எதிரில் இருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதில்: இட்லியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். தொக்கு வேண்டாம். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, உள்ளே இருக்கும் காற்றுதான் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் கை கழுவி வந்த பிறகும் முட்டை வாசம் அங்கேயே நிற்கும். கருவாடு, மீன் வறுவலுக்கும் இதே கதைதான்.

நன்றாக ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, அடுப்பில் லேசாக வாட்டிய வாழை இலையில் மடியுங்கள். வாட்டினால் இலை மடிப்பில் கிழியாது. சூட்டோடு கட்டினால் வேர்த்து, சீக்கிரம் ஊசிப்போகும். சட்னி, சாம்பார் இல்லாததால் வண்டி குலுங்கும்போது யார் மேலும் சிந்தாது.

ஆனால் அந்த அம்மாவின் வருத்தம் வாசத்தால் மட்டும் வந்திருக்காது. ரயில்வே விதிப்படி படுக்கை நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. கீழ்ப் படுக்கை அவருடையதாக இருந்தால், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எங்கே படுப்பார்? வண்டி கிளம்பி டிக்கெட் பார்த்ததும் பொட்டலத்தைப் பிரித்துவிடுங்கள். ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். கீழ்ப் படுக்கைக்காரர் வயதானவர் என்றால் "நாங்கள் சாப்பிடலாமா, நீங்கள் படுக்க வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தைக்கோ சர்க்கரை நோயாளிக்கோ நேரம் தவறிப் பசித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பெரிய விளக்கைப் போடாமல் கொடுங்கள்.

எதிரில் இருப்பவரிடம் "சாப்பிடுறீங்களா?" என்று ஒரு தடவை கேட்பது நம் வழக்கம், அதை விட வேண்டாம். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். முன்பின் தெரியாதவர் தரும் உணவை வாங்காதீர்கள் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது. அவர் அதை நினைத்திருக்கலாம்.

எச்சில் இலையை இருக்கைக்கு அடியில் தள்ளினால் கரப்பானும் எலியும் வரும். ஒரு பையில் முடிந்து, கதவுப் பக்கம் இருக்கும் குப்பைத் தொட்டியில் போடுங்கள். மிச்சச் சோற்றையும் அதிலேயே போடுங்கள். கை கழுவும் தொட்டியில் கொட்டினால் அடைத்துக்கொண்டு, காலையில் பல் தேய்க்க வருபவர்கள்தான் அவதிப்படுவார்கள்.

அப்புறம், எழும்பூருக்கு மெட்ரோவில் வருவதாக இருந்தால் பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும். மெட்ரோ ரயிலுக்குள் சாப்பிட அனுமதி இல்லை.