'விரும்பியதைக் குடி' என்று சாவியைத் தந்தால்...

கேள்வி: நான் மெல்பேர்னில் இருக்கிறேன். அடிலெய்டில் உள்ள நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவேன், மகளின் பிரசவத்துக்காக நவம்பரில் இங்கே வருகிறார். அதே ஆறு மாதம் எனக்கு அடிலெய்டில் வேலை. வீடுகளை மாற்றிக்கொள்வோம், வைனும் சேர்த்துத்தான் என்கிறார். அவருடைய நிலவறையில் நானூறு போத்தல். அதில் இரண்டு 1990ஆம் ஆண்டு கிரேஞ்ச், ஆஸ்திரேலியாவின் பேர்போன சிவப்பு வைன். என்னிடம் இருப்பது கராஜில் ஒரு வைன் ஃப்ரிட்ஜ், தொண்ணூறு போத்தல், பெரும்பாலும் கிளேர் பகுதியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன், கொஞ்சம் கூனவாரா பகுதியின் கபர்னே என்ற சிவப்பு வைன். "விரும்பியதைக் குடி, பிறகு அதே விலைக்கு வாங்கி வை" என்கிறார். அவருடைய போத்தல்களுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய நிலவறையைவிட உங்கள் கராஜை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2009 பெப்ரவரி 7 அன்று, உங்கள் மெல்பேர்னில் 46.4. நிலத்துக்குள் இருக்கும் கல் அறைக்கு இப்படி ஒருநாள் வெயில் பெரிதாக எட்டாது. தகரக் கதவு போட்ட கராஜ் அப்படியா? உங்களுடையது கம்ப்ரெசர் இல்லாத வகை ஃப்ரிட்ஜ் என்றால் வெளிச் சூட்டிலிருந்து ஒரு அளவுக்குத்தான் இறக்கித் தரும். நாற்பதைத் தாண்டிய நாளில் அது கையை விரித்துவிடும். கம்ப்ரெசர் உள்ளதும் மூச்சுவிடாமல் ஓடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுக்கும். உங்கள் கபர்னே தக்கை போட்டதாக இருந்தால் அதற்குத்தான் இந்த ஆபத்து. கிளேர்க்காரர்கள் பலர் சேர்ந்து 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்தே ரீஸ்லிங்கைத் திருகுமூடிக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் கசிவு பயம் குறைவு. ஆனாலும் சூடுபட்ட ரீஸ்லிங் காலத்துக்கு முன்பே கிழடு தட்டி, மண்ணெண்ணெய் வாசனை தூக்கலாக அடிக்கும்.

ஆகவே நவம்பருக்கு முன் ஃப்ரிட்ஜை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தெற்குப் பக்க அறை நல்லது, இந்த நாட்டில் வெயில் குறைவாக விழும் பக்கம் அதுதான். பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுவிட்டால், பேரப்பிள்ளையோடு இருக்கும் மனிதர் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி அந்த 'அதே விலை' விஷயம். இதை மட்டும் ஏற்காதீர்கள். புது கிரேஞ்சே ஏறத்தாழ ஆயிரம் டொலர். 1990 கிரேஞ்சுக்குப் பெயரும் பெரிது. 1995இல் 'வைன் ஸ்பெக்டேட்டர்' என்ற அமெரிக்க வைன் இதழ் அந்த ஆண்டின் முதல் வைனாகத் தெரிந்தெடுத்தது அதைத்தான். சரி, காசு இருக்கிறது, ஏலத்தில் எடுத்துவிடலாம் என்றே வையுங்கள். வருவது எந்த ஷெட்டில் எத்தனை கோடை கிடந்த போத்தலோ! அண்ணையிடம் இருப்பது அவரே வாங்கி, அவரே படுக்கவைத்து, முப்பது வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடப்பதாக இருக்கலாம். லேபிள் ஒன்றுதான், வைன் ஒன்றல்ல. பழைய வைனை விற்கப் போனாலும் முதல் கேள்வி 'எங்கே இருந்தது' என்பதுதான்.

அதனால் குடிக்கக்கூடியவை எவை என்று அவரே பிரித்துத் தரட்டும். தொடக்கூடாத போத்தல்களின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் போதும். இன்று கடையில் கிடைக்கும் பரோஸா ஷிராஸ் போன்றவற்றை நீங்கள் தாராளமாகத் திறந்து, அதே லேபிள், அதே வருடம் பார்த்து வாங்கி வைக்கலாம். உங்கள் ஃப்ரிட்ஜிலும் இதேபோல் நூல் கட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே சட்டம்.

மூத்தவரிடம் பட்டியல் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று நினைப்பாரே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். உங்கள் தொண்ணூறையும் எழுதி அனுப்பி, "அண்ணை, உங்கட லிஸ்டையும் அனுப்புங்கோ, இன்சூரன்ஸுக்கும் உதவும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை: வேறு ஆள் குடியிருப்பதைக் காப்புறுதிக்காரரிடம் இருவரும் சொல்லியே ஆகவேண்டும், வைனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சாவி வாங்கும் அன்று, அவர் கூட இருக்கும்போதே, பழைய போத்தல்களை அசைக்காமல் பின்னாலிருந்து டோர்ச் அடித்து வைனின் மட்டத்தைப் படம் எடுங்கள். மட்டம் ஏற்கனவே இறங்கியிருந்தால் அது உங்கள் தலையில் விழாது. கிரேஞ்ச் தயாரிக்கும் பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் 'ரீகார்க்கிங் கிளினிக்' நடத்துகிறது. பதினைந்து வருடம் தாண்டிய தங்கள் சிவப்பு வைன்களைப் பார்த்து, தேவைப்பட்டால் புதுத் தக்கை போட்டுத் தருவார்கள். அது அண்ணை முடிவு செய்யவேண்டிய காரியம், நீங்கள் உதவுகிறேன் என்று கிளம்பவேண்டாம். வீட்டுக்கு வருபவர்களுக்கு 'இதோ பார் கிரேஞ்ச்' என்று தூக்கிக் காட்டும் ஆசையையும் அடக்குங்கள், அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும்.

ஏப்ரலில் திரும்பும்போது அவர் ஏதும் பரிசாகத் தந்தால் காரின் டிக்கியில் போடாதீர்கள். எட்டு மணி நேர ஓட்டம் அது; பின் சீட்டில், ஏசி படும் இடத்தில் வையுங்கள்.